விண்ணப்பத்தில் நான் எழுதிய பெயர்

விராலிமலையில் பஸ் ஏறிக் கண்டக்டரிடம் சில்லறையை நீட்டும்போதெல்லாம் என் இடது கை தானாகவே போய் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்கிறது. பர்மாவில் பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். ஒற்றைக் கையை வெறுமனே நீட்டினால் மரியாதை தெரியாத பிள்ளை என்று பெயர். இங்கே வந்து நாலு வருஷமாகியும் அந்தக் கை அடங்கவில்லை. போன வாரம் ஒரு புதுக் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "என்ன தம்பி, கையில சுளுக்கா? எண்ணெய் போட்டு வழிச்சுவிடச் சொல்லுங்க" என்றார். நான் இல்லையென்று தலையாட்டுவதற்குள் பின் சீட்டிலிருந்த ஓர் அம்மா, "அது பர்மாக்காரப் புள்ளைங்க. அதுக அப்படித்தான் குடுக்கும், இங்கிட்டு ஒரு கை அங்கிட்டு ஒரு கைன்னு" என்று விளக்கம் சொன்னார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் இறங்கும்வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களுக்கும், என்னைப்போலக் கப்பலேறி வந்து ஏதோ ஓர் ஊரில் ஒதுங்கியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் அப்பா குடுமியான்மலைக்குப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போய் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். பர்மிய எழுத்தும் கொஞ்சம் இங்கிலீஷும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தமிழைக் கோயில் மண்டபத்தில் சாயங்கால வகுப்பில் படித்தேன். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம்மை அனுப்பியபோது, சென்னைத் துறைமுகத்தில் கால் வைத்ததும் அப்பா குனிந்து மண்ணைத் தொட்டு, "ஊருக்கு வந்துட்டோம்டா" என்றார். எனக்கோ அது ஊரை விட்டு வந்த நாள். அங்கே நம்மைக் 'கலா', அதாவது அந்நியன், என்றார்கள். இங்கே பர்மாக்காரன் என்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

விராலிமலையைச் சுற்றி நம்மவர்கள் இருபது குடும்பம்போலச் சேர்ந்திருந்தோம். நிலம் கிடையாது, தெரிந்ததெல்லாம் கடைத் தொழில். திரும்பி வந்தவர்கள் தொழில் வைக்கச் சர்க்கார் கடன் தருகிறது என்றார்கள். ஆனால் விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும், எந்த மேசைக்குப் போவது என்று தெரிய வேண்டும். என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது என்று எனக்கு ஒரே துள்ளல். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் எல்லாரையும் உட்கார வைத்து, யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று நோட்டில் எழுதினேன். அதற்குச் சங்கம் என்று பெயரும் வைத்தேன். யுத்த காலத்திலேயே பர்மாவிலிருந்து நடந்து வந்து திருச்சியில் ஜவுளிக்கடை போட்டிருந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். "சங்கத்துச் சீட்டோட யாரு வந்தாலும் துணி குடுக்கிறேன், வித்துட்டு வாங்க" என்று அவர் சொன்ன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் புளியமரத்தடியில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. மாதக்கணக்காகியும் ஒரு கடன்கூட வந்து சேரவில்லை. "காயிதம் எழுதுனா கடை வந்துருமா? தம்பி நல்லா எழுதுது, நாம நல்லா பாத்துக்கிட்டிருக்கோம்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

செல்லம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரங்கூனில் எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருந்தவர். பர்மியப் பெண்கள் போடும் எஞ்சி என்ற மெல்லிய மேற்சட்டை தைப்பதில் அக்காவின் கைக்கு அங்கே தனி மதிப்பு. அந்த ஊர்க் கடைத்தெரு உங்களுக்குத் தெரியும்: கல்லாவில் பெண்கள்தான் உட்காருவார்கள், பேரம் அவர்கள் பேசுவார்கள், புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். கல்யாணமானாலும் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. புருஷன் பெயரைச் சேர்த்துக்கொள்வதும் இல்லை. அக்காவின் கடைப் பலகையில் அக்கா பெயர் மட்டும்தான் இருந்தது, பர்மிய எழுத்தில். புருஷன் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளோடும், கொழுந்தன் வேலுவோடும் அக்கா கப்பலேறினார். சென்னை முகாமில் குடும்ப அட்டை எழுதியபோது, ஆண்பிள்ளை ஒருவன் கூட இருக்கிறானே என்று வேலுவைக் குடும்பத் தலைவன் என்று போட்டுவிட்டார்கள். அந்த வரியை அன்று யாரும் கவனிக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய களைப்பில் சோறு எங்கே போடுகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு மூன்று தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்பது என்றும், அந்த மெஷின்களில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு அக்கா தொழில் பழக்கிவிடுவது என்றும் முடிவு செய்தோம். ஆபீஸ் குமாஸ்தா அட்டையைப் பார்த்துவிட்டு, அக்கா பெயரில் வேண்டுமென்றால் அட்டையைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்றார். அதற்குப் புருஷன் இறந்த சான்று வேண்டும். சான்று அக்காவிடம் இருந்தது, பர்மிய மொழியில். அதைத் தமிழில் எழுதி அத்தாட்சி வாங்கிச் சென்னைக்கு அனுப்பினால் ஆறேழு மாதத்தில் வரலாம். விராலிமலையில் அதைத் தமிழில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு சாயங்கால வேலை.

"எம் பேர்ல வராதா தம்பி?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

"வரும்க்கா. நாளாகும். வேலு அண்ணன் பேர்ல போட்டா பொங்கலுக்குள்ள மெஷின் வந்துரும். எல்லாம் வீட்டுக்குள்ளதானே?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டு, "பேரா வந்து ஊசி கோக்கப் போவுது? போடு, போடு" என்றார். இரங்கூனில் வாழ்ந்தவர் பேசக்கூடிய பேச்சு அது. எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் தொழில் செய்கிறவள்தான் கடைக்காரி என்பது அங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டாத விஷயம். அவர் அதை நம்பினார். நான் நம்பினேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பொங்கலுக்குள் ஒரு கடன் வந்தாக வேண்டும், புளியமரத்தடியில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

மெஷின்கள் வந்தன. மாட்டு வண்டியில் வைக்கோல் சுற்றி வந்து இறங்கியபோது தெருவே கூடியது. அக்கா ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். சிரித்தவர்கள் எல்லாரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார்கள். முதலில் உள்ளூர்ப் பெண்கள் அக்காவிடம் வரத் தயங்கினார்கள். ஆண் டைலரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு, பழைய ரவிக்கையைக் கொடுத்தனுப்பியே பழகியவர்கள். அக்கா அளவு நாடாவைத் தொடாமல், ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை வெட்டினார். "என்னாங்கடி இது, கண்ணுலயே அளந்துருச்சு! கழுத்து ஒரு நூலு பிசகலையே" என்று ஒருத்தி போட்டுக் காட்ட, பிறகு வாசலில் கூட்டம். நான்கு பெண்பிள்ளைகள் மெஷின் மிதிக்கப் பழக வந்தார்கள். தேன்மொழி என்று ஒரு பெண், நம் கப்பலில் வந்தவள்தான், ஆறே மாதத்தில் தனியாக ரவிக்கை தைக்கத் தொடங்கிவிட்டாள். அக்கா நூல் வாங்கத் தனியாக பஸ் ஏறித் திருச்சிக்குப் போவார், மூட்டையோடு திரும்புவார். அதைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால், "மூட்டை ஒனக்குக் கனக்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டு நடப்பார்.

ஆனால் அந்தப் பேச்செல்லாம் போய்ச் சேர்ந்த இடம் வேலு. அவர் கெட்டவர் இல்லை. இரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்தவர். இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. அங்கே அவர் மதினி சம்பாதித்ததை யாரும் ஒரு பேச்சாக எடுத்ததில்லை. இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால், "என்ன வேலு, மதினி இன்னைக்குக் கைச்செலவுக்குக் குடுத்துச்சா?" என்பார்கள். "பொடவை எப்ப கட்டப் போறீக?" என்று இன்னொரு குரல் கேட்கும். சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு இருக்காது. குடுமியான்மலைப் பக்கம் அவருக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டார்கள். தையல்கடை முதலாளி என்று எங்கள் பக்கத்தார் சொன்னார்கள். பெண்ணின் தகப்பனார் அதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. கடன் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, படிக்கத் தெரிந்தவரை வைத்து ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார். பத்திரத்தில் வேலு முதலாளியாகவே இருந்தார்.

கல்யாணம் முடிந்து இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் வாசலில் வண்டி வந்து நின்றது. தேன்மொழி ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போனபோது இரண்டு மெஷின் ஏற்றியாகிவிட்டது. வேலு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "மதினி, தப்பா நெனைக்காதீங்க. மாமனாரு புதுக்கோட்டை டவுன்ல கடை பாத்துருக்காரு. நீங்களும் வாங்க. காஜா எடுக்க, பித்தான் தைக்க ஆளு வேணும்ல" என்றார்.

"என் கடையில எனக்குக் காஜா வேலையா வேலு?"

"கடை யாரு பேருல இருக்கு?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் பக்கம் கையைக் காட்டினார். "தம்பி எழுதுனதுதானே. கேளுங்க."

மூன்றாவது மெஷினில் தேன்மொழி பாதி தைத்த ரவிக்கை மாட்டியிருந்தது. வேலு ஊசியை மேலே தூக்கி, துணி கிழியாமல் மெதுவாக எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மடித்து அவள் கையில் கொடுத்தார். அவ்வளவு பொறுமையாக அவர் ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு மெஷினைத் தூக்கச் சொன்னார். அக்கா வண்டியை மறிக்கவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்து, "இதுக்கு ஆபீஸ்ல சொல்லலாம்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். படித்த பிள்ளைக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் அப்போதும் இருந்தது.

மறுநாள் இருவரும் போனோம். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். காகிதக் கட்டை எடுத்து விண்ணப்பத்தைப் பிரித்தார். "மனுதாரர் வேலு. தொழில் தெரிஞ்சவர்னு போட்டிருக்கு. தவணை ஒழுங்கா வருது. இதுல இந்தம்மா எங்க வர்றாங்க?" என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார். நீல மையில் என் கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். கீழே 'சார்ந்திருப்போர்' என்ற பத்தியில் செல்லம்மா என்று எழுதியிருந்தேன். அடுத்து அவருடைய இரண்டு குழந்தைகளின் பெயர்கள். அப்போதே வேலுவும் சேர்ந்து சாப்பிட்ட சோறு அக்கா கையால் தைத்துக் கொண்டுவந்த சோறு. அதைத் தெரிந்தே நான்தான் அப்படி எழுதியிருந்தேன். "யாரு எழுதுனது இது? நல்லா எழுதியிருக்காங்களே" என்றார் அதிகாரி. நான்தான் சார் என்றேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. "எம் பேரு எங்க இருக்கு, காட்டு" என்று என்னைக் கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். அது என்ன பத்தி என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது, "பேரு இருக்குல்ல, அப்புறம் ஏன் ஆகாதுங்கிறாரு?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவைதான் சொன்னேன். 

சங்கம் இன்னும் நடக்கிறது. இப்போது யாராவது விண்ணப்பம் எழுத வந்தால், தொழில் செய்யப்போவது யார் என்று கேட்டு, அவர் பெயரில் அட்டை இல்லையென்றால் முதலில் அட்டை என்று திருப்பி அனுப்புகிறேன். தம்பி காரியத்தை இழுக்குது என்று முணுமுணுக்கிறார்கள். இழுக்கட்டும். அக்காவின் சான்றையும் தமிழில் எழுதி அனுப்பினேன். ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. தனி அட்டை வந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குக் கடன் கொடுத்தாகிவிட்டது என்று மறுகடன் வரவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் வீட்டு அட்டையை ஒருமுறை எடுத்து, யார் பெயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். படித்த பிள்ளை எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

அக்கா இப்போது வீட்டிலிருந்தே வேறொரு டைலருக்குக் கையால் காஜா எடுத்துக் கொடுக்கிறார். போன மாதம் என்னை வரச் சொல்லி, இரங்கூனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். எங்கள் பழைய தெருவிலிருக்கும் மா கின் என்ற சிநேகிதிக்கு. கப்பலேறும்போது தன் தையல் மெஷினைக் கொண்டுவர விடாததால் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். எனக்கு அதுவரை தெரியாது.

"மெஷின் பலகைக்கு அடியில எம் பேரை ஆணியால கீறச் சொல்லி வச்சிருக்கேன். அது யாருக்கும் போகாது" என்றார். "வித்துரச் சொல்லி எழுது."

எழுதினேன்.

"வேணாம், அடி. வித்தாலும் காசு இங்க வராது. எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லு. மழைக்காலத்துல சொவத்தை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லு."

அடித்துவிட்டு எழுதினேன். அவர் பர்மிய மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார், மடியில் யாருடைய சட்டையோ கிடந்தது. அடுத்த வரி வராமல் நான் தலை நிமிர்ந்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாணம் மெழுகிய தரையில் அவருடைய இரண்டு பாதங்களும் முன்னும் பின்னுமாக, சீராக, மிதித்துக்கொண்டிருந்தன.