வெர்லன் டாக்கெட்டின் இரண்டு நிமிடம்

அலபாமாவின் கின்னார்டில் வாயாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெர்லன் டாக்கெட் வாயைத் திறந்தால் மற்ற வாயாடிகள் மூடிக்கொள்வார்கள். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் கேஸ் தொட்டி நிரப்பும் லாரி ஓட்டியவர். லாரியில் ரேடியோ ஓயாது. சனிக்கிழமை நடந்த, பந்தைக் கையில் ஏந்திக் கஜம் கஜமாக முன்னேறும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றித் திங்கட்கிழமை காலையில் ஊரே போன் போட்டுச் சண்டை பிடிக்கும் நிகழ்ச்சி ஒன்று அதில் வரும். வெர்லன் எந்த வீட்டில் கேஸ் நிரப்புகிறாரோ அந்த வீட்டுப் போனைக் கேட்டு வாங்கி, நிகழ்ச்சிக்குள் புகுந்து கோச்சைக் கிழிகிழியென்று கிழிப்பார். வீட்டுக்காரர்கள் அதைப் பெருமையாகவே நினைத்தார்கள்.

வெர்லன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அந்த நிகழ்ச்சியை நடத்தும் ஹாய்ட் பர்டெட் அவருக்குத் தினமும் காலை ஏழு பத்துக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கிக் கொடுத்தான். 'வெர்லன் தீர்ப்பு' என்று பெயர். சம்பளம் கிடையாது. ஊர் முழுக்கத் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே அவருக்குப் போதும். முதலில் ஃபுட்பால், பிறகு முந்தின இரவு டிவியில் வந்த ரியாலிட்டி ஷோ, கடைசியில் ஊர் நடப்பு. சூறாவளிச் சைரன் வாங்க மறந்துபோன கவுண்டி, அதாவது மாவட்ட, கமிஷனர்களைப் பற்றி, "சைரன் எதுக்கு? அவங்க பொண்டாட்டிகளக் கூரை மேல ஏத்தி விடுங்க, மூணு கவுண்டிக்குக் கேக்கும்" என்றார். கடைசி உதையைக் கம்பத்துக்கு வெளியே அடித்து நம் டீமைத் தோற்கடித்த மாணவனைப் பற்றி, "அவன் அம்மா வயித்துல உதைச்சப்பவே குறி தப்பியிருக்கும்" என்றார். அந்த அம்மா உள்ளூர் பாப்டிஸ்ட் சபையில் பியானோ வாசித்தவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பியானோ சும்மா கிடந்தது. வெர்லன் அதைக் கவனித்தார். கவனித்து, சபைக்கு நல்ல பியானோக்காரி வேண்டும் என்று மறுநாள் அதற்கும் ஒரு தீர்ப்பு சொன்னார்.

வெர்லனுக்கு ஒரே மகள், ட்ரெஸ்ஸா. முப்பதை எட்டப் போகிற வயசில், யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டு, ஒரு பண்ணைக்காரனுக்கு இருபது பெண்கள் போட்டி போடும் ஷோவுக்குத் தேர்வாகிவிட்டாள். கின்னார்ட் துள்ளிக் குதித்தது. பெட்ரோல் பங்க்கில் அவள் படத்தை ஒட்டினார்கள். மூன்றாவது வாரம் பண்ணைக்காரன் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த ஷோவில் கழித்துக்கட்டப்பட்டவள் ஒரு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அழ வேண்டும், கேமரா முகத்துக்கு நேராக இருக்கும். ட்ரெஸ்ஸா கண்மை கரைந்து வழிய வழிய நாலு நிமிஷம் அழுதாள்.

மறுநாள் காலை வெர்லனின் மனைவி நெல்டா ரொட்டி போன்ற பிஸ்கட்டும் கிரேவியும் எடுத்து வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் ஃபுட்பால் மட்டும் பேசு வெர்லன்."

"ஊரே காத்துட்டிருக்குடி."

"காத்திருக்கட்டும். அவ உன் பொண்ணு."

"அதனாலதான் பேசணும். இல்லாட்டி சொந்தப் பொண்ணுன்னதும் வெர்லன் வாய் அடைச்சுப்போச்சும்பானுங்க."

ஏழு பத்துக்கு ஹாய்ட்கூட, "வெர்லன், வேணும்னா இன்னிக்கு டிவிய விட்டுடலாம்" என்று இடம் கொடுத்தான். வெர்லன் தொண்டையைச் செருமினார்.

"தீர்ப்புன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் ஹாய்ட். மூணு வாரம் பந்து கையிலயே இருந்துச்சு, ஒரு கஜம் முன்னேறல. அந்த அழுகையப் பாத்தியா? கண்ணச் சுத்திக் கறுப்பா, குப்பைத் தொட்டியில மாட்டிக்கிட்ட ரக்கூன் மாதிரி. அவன் என்ன பண்ணுவான் பாவம்? பள்ளிக்கூடக் கடைசி வருஷ டான்ஸுக்கே இவளக் கூட்டிட்டுப் போக ஒருத்தனும் வரல. அப்பன் நான் டை கட்டிட்டுக் கூட்டிட்டுப் போனேன்!"

ஹாய்ட் சிரித்துச் சிரித்து விளம்பரத்துக்குப் போக மறந்தான்.

ஆள் வராமல்தான் அப்பனோடு போனாள் என்பது அதுவரை அந்த வீட்டு மூன்று பேரோடு இருந்த விஷயம். கூட்டிப்போவதாகச் சொன்னவன் வராமல் போன மாலையில், ட்ரெஸ்ஸா கவுனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, வெர்லன் உள்ளே போய்க் குளித்து, மரூன் டை கட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார். பக்கத்து ஊர் ஹோட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், மூன்று பாட்டுக்கு அவளோடு ஆடினார்; அப்பாவோடுதான் வருவேன் என்று மகளே அடம்பிடித்ததாக அங்கே கேட்டவர்களிடம் சொல்லிவைத்தார். நிஜத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் பண்ணினார். அந்த மனுஷன் தன் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் ஒரு சிரிப்புக்காகச் செலவழித்துவிட்டார்.

ரக்கூன் என்று எழுதிய டி-ஷர்ட் கூட அச்சடித்து விற்றார்கள். ட்ரெஸ்ஸா ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு இரண்டு கவுண்டி தள்ளிப் போய், ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவோடு மட்டும் பேசினாள்.

இரண்டு வருஷம் கழித்து, நவம்பர் நடுவில், வெர்லன் பெயருக்குத் தனியாக ட்ரெஸ்ஸாவின் கல்யாணக் கார்டு வந்தது. மாப்பிள்ளை வடக்கே மினசோட்டாக்காரன், பல் செட் செய்பவன். தேதியை வெர்லன் இரண்டு தடவை படித்தார். மாதத்தின் கடைசி சனிக்கிழமை. அன்றைக்குத்தான் நம் பல்கலைக்கழகத்துக்கும் அதன் பரம எதிரியான இன்னொரு பல்கலைக்கழகத்துக்கும் ஆட்டம். ஃபுட்பால் நடக்கும் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தாலே உறவு முறிந்துவிடும். அதிலும் இந்தச் சனிக்கிழமையில் பிணத்தைக்கூட ஞாயிறுக்குத் தள்ளிப்போடுகிற ஊர் இது.

மறுநாள் ரேடியோவில், "வடக்கத்தி மாப்பிள்ளைக்குக் காலண்டர் பாக்கத் தெரியல. பல்லு எண்ணத் தெரியுமோ என்னவோ" என்றார். அன்று மத்தியானமே போன் வந்தது.

"தேதி அவர் வெச்சதில்லப்பா. நான் வெச்சது." இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். சண்டை போடுகிற குரலாக இல்லை. "காலைல பதினொண்ணுக்கு ஆட்டம்னு டிவில அறிவிச்ச பிறகுதான் கார்டுல ரெண்டரைன்னு அடிச்சேன். மூணு மணி நேர ஆட்டம், அதுக்குள்ள முடிஞ்சாலும் முடியலாம், முடியாமலும் போகலாம்."

"எதுக்கும்மா இப்படி?"

"நீங்க வந்தா, நீங்கதான் என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறீங்க. பழசெல்லாம் விட்டுடலாம். வரலைன்னா, அதோட சரி. இனிமே போன் வராது, பேரப்பிள்ளை முகமும் பாக்க மாட்டீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வரேன்."

உண்மையாகத்தான் சொன்னார். அந்தச் சனிக்கிழமை ஸ்டேடியத்திலிருந்தே பேச ஹாய்ட் கூப்பிட்டிருந்தான். வெர்லன் ஜென்மம் முழுக்க ஏங்கிய வாய்ப்பு. முடியாது என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நெல்டாவிடம் நாலு தடவை அதைச் சொல்லிக்காட்டினார். அலமாரியைக் குடைந்து அந்த மரூன் டையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டார்.

நெல்டா மகளுக்கு அலங்காரம் செய்ய விடியற்காலையிலேயே போய்விட்டாள். வெர்லன் பிற்பாடு தன் பிக்கப் வண்டியில் கிளம்பினார். ரேடியோ வழியெல்லாம் ஓடியது. இரண்டு இருபதுக்குச் சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தியபோது நாம் மூன்று புள்ளி பின்னால். ஆட்டத்தில் பாக்கி இரண்டு நிமிஷம். பந்து நம்மிடம்.

நெல்டா ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வா வெர்லன். கதவுகிட்ட நிக்கிறா."

"இதோ வந்துட்டேன். ரெண்டே ரெண்டு நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷத்தின் லட்சணம் அந்த மாநிலத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். டைம் அவுட் வரும், கடிகாரம் நிற்கும். விளம்பரம் வரும். ரெஃப்ரி டிவியைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றுவார், மறுபடி விளம்பரம். இருபத்தைந்து நிமிஷம் சுளையாகப் போகும். வேறு யாராவது அதை நிஜமாகவே இரண்டு நிமிஷம் என்று நம்பிச் சொன்னால் வெர்லனே ரேடியோவில் வைத்துக் கிண்டல் செய்திருப்பார். ஆனாலும் இரண்டு நிமிஷம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நெல்டா இன்னொரு தடவை வந்தாள். கண்ணாடியைத் தட்டவில்லை. வண்டிக்கு வெளியே நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆர்கன் வாசிக்கும் சத்தம் கேட்டது. வெர்லன் கதவுப் பிடியில் கை வைத்தார். அதே நேரம் ரெஃப்ரி நம் பக்கம் தீர்ப்பு சொன்னார். கை ரேடியோவுக்குப் போய்ச் சத்தத்தைக் கூட்டியது.

கடைசி நொடியில் நம் டீம் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டியது. வெர்லன் சீட்டில் எகிறிக் குதித்து ஹாரனை அமுக்கினார். ஒரு தடவை இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்தார். உள்ளே அந்த நேரம் பாதிரியார் ட்ரெஸ்ஸாவிடம், இவரைக் கணவராக ஏற்கிறாயா என்று கேட்டிருந்தார். அவள் பதில் சொல்ல ஹாரன் நிற்கும்வரை காத்திருந்தாளாம். சிரித்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள் என்று நெல்டா பிற்பாடு சொன்னாள்.

கதவு திறந்து கூட்டம் வெளியே வந்தபோதும் வெர்லன் வண்டியிலேயே இருந்தார். இறங்க முகமில்லை. ட்ரெஸ்ஸா புருஷனிடம் ஏதோ சொல்லிவிட்டு, வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தனியாகப் பிக்கப் பக்கம் வந்தாள். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஸ்கோர் என்னப்பா?"

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது. அவருக்கும் தெரியும்.

"முப்பத்தொண்ணு இருபத்தேழு" என்றார். "நாம ஜெயிச்சோம்."

ட்ரெஸ்ஸா தலையாட்டினாள். பிறகு அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"அந்த டையைக் கழட்டிக் குடுங்க."

"ஏம்மா?"

"அது அன்னிக்கு என்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனவரோடது. என்கிட்ட இருக்கட்டும்."

முடிச்சு அவிழ நேரமானது. அவள் உதவி செய்யவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கைக்கு வந்ததும் மடித்துப் பூச்செண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு வெர்லன் எப்போதும்போல ரேடியோவில் வந்தார். அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தை அவர் விவரித்தது போல ஸ்டேடியத்தில் இருந்தவர்களால்கூட விவரிக்க முடியவில்லை என்று கின்னார்ட் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஒரு நொடிகூட விடாமல் கேட்டிருந்தார்.