கருணைக்கு ஒரு செக் ஷீட்

ஞாயிறு பள்ளி எடுக்கப் புதிதாக வரும் தங்கச்சிமார்களுக்காக இதை எழுதுகிறேன். ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவள் நான். அளவு தப்பிய பீஸ் ஒன்றுகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடு சபைப் பிள்ளைகளிடம் போனேன்.

1. ஐயா வாயைத் திறந்தார்

ரிட்டயர் ஆன கையோடு போதகர் ஐயா கூப்பிட்டார். "சிஸ்டர், நம்ம பிள்ளைங்களுக்கு நன்றியே இல்ல. கேக் குடுத்தாக்கூட அவனுக்குப் பெரிய பீஸு, எனக்குச் சின்ன பீஸுன்னு சண்டை. அறுப்பின் பண்டிகைக்குள்ள கொஞ்சம் நன்றி, இரக்கம் எல்லாம் வளத்து விடுங்களேன்" என்றார். தொட்டியில் கொத்தமல்லி வளர்ப்பது போலத்தான் சொன்னார். பண்டிகைக்கு ஆறு வாரம் இருந்தது. டார்கெட் என்று ஒன்று கிடைத்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அன்றைக்கே ஆளுக்கு ஒரு அட்டை அடித்தேன். தேதி, செய்த நன்மை, யாருக்கு, அவர் கையெழுத்து, ரிமார்க்ஸ். வாரம் மூன்று நன்மைக்குப் பச்சை ஸ்டிக்கர், குறைந்தால் சிவப்பு. கையெழுத்து இல்லாத வேலை நடக்காத வேலை என்பது கம்பெனி வேதம், அதையும் சொல்லிக் கொடுத்தேன். எல்லார் பேரும், அவரவர் செய்த நன்மையும் போட்ட சார்ட்டைச் சுவரில் ஒட்டினேன். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனம் அதற்கு நேர் மேலே தொங்கியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று பேரெடுத்த எனக்கு அது தெரியவில்லை.

2. புரொடக்‌ஷன் எகிறியது

இரண்டே வாரத்தில் ஓசூரில் இரக்கம் தாங்க முடியவில்லை. தளி பஸ்ஸுக்காக நின்ற கன்னடக்காரப் பெரியவர் ஒருவரை மூன்று பிள்ளைகள் சேர்ந்து ரோட்டைத் தாண்டி இழுத்துப் போனார்கள். "பேடப்பா, பேடா" என்று அவர் வேண்டாம் வேண்டாமெனக் கெஞ்சியும் விடவில்லை. பஸ் போய்விட்டது. மனுஷன் தப்பித்தால் போதும் என்று மூன்று அட்டையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

சாமுவேலும் அவன் தங்கச்சியும் முறை வைத்து விழுந்தார்கள். இன்று இவன் விழுவான், அவள் தூக்குவாள். நாளை அவள். அவர்கள் அம்மா போனில் அழாத குறை. "டீச்சர், ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்துட்டு, தேங்க்ஸ் சொல்லு, கையெழுத்துப் போடுன்னு நிக்கிறான். அடுப்புல பால் பொங்குது."

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? சந்தோஷமாகப் பச்சை ஸ்டிக்கர் இன்னொரு கட்டு வாங்கினேன்.

3. சிவப்புத் தொட்டி

கம்பெனியில் ரிஜெக்ட் பீஸ் போய் விழுவது சிவப்புத் தொட்டியில். இங்கே ஏஞ்சலின் அட்டை மட்டும் காலி. பத்து வயசுப் பிள்ளை. பண்டிகையில் ஸ்தோத்திர ஜெபம் சொல்ல ஐயா முதலிலேயே அவளைத்தான் குறித்திருந்தார். ஐந்தாவது வாரமும் காலியாக இருந்ததும், சிவப்பில் இருக்கிறவள் எப்படி நன்றி சொல்லலாம் என்று அவளை எடுத்துவிட்டு, முழுப் பச்சையான சாமுவேலைப் போட்டேன். அவள் அட்டையை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் அம்மா ஸ்டெல்லா, ரோஜா பேக்கிங் வேலை முடிந்த யூனிஃபார்மோடு மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நாலு பேருகிட்ட கெஞ்சி ஷிஃப்ட் மாத்தி வச்சிருக்கேன் டீச்சர், இவ ஜெபம் பண்றத பாக்க. என்ன தப்பு பண்ணுச்சு என் பொண்ணு?"

"கார்டு காலியா இருக்கேம்மா."

"பக்கத்து வீட்டம்மா இடுப்பு ஒடஞ்சு படுத்திருக்கு. மவன் டூட்டிக்குப் போயிட்டா யாருமில்ல. ஸ்கூல் விட்டு வந்து தெனம் சோறூட்டி, தல வாரி விடுறது யாருன்னு கேளுங்க இவளை."

நான் ஏஞ்சலின் பக்கம் திரும்பினேன். "ஏன்டி, அதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம்ல?"

ஏஞ்சலின் என்னை நேராகப் பார்த்தாள். "பெட்பேன் எடுத்து ஊத்துறதையும் எழுதணும்ல டீச்சர். நீங்க சுவத்துல ஒட்டுவீங்க. அவங்களுக்கு வெக்கமா இருக்காதா?"

வெட்கம் எனக்குத்தான் வந்தது. கம்பெனியில் நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆனால் முதலில் அளக்கிற கேஜைத்தான் சோதிப்போம். தேய்ந்த கேஜை வைத்துக்கொண்டு பீஸைக் குறை சொல்லக்கூடாது. இதை எத்தனை டிரெயினிக்குச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் முன்னால் சார்ட்டைக் கிழித்தேன். "நான் அளந்ததுதான் தப்பு. ஏஞ்சலின் மேல தப்பே இல்ல. ஜெபம் அவளுக்குத்தான்" என்றேன். காரணம் சொல்லவில்லை. அந்த அம்மா பேரை இங்கேயும் எழுத மாட்டேன். சாமுவேலுக்கு ஒரே வருத்தம். "அப்ப நான் விழுந்ததெல்லாம் வேஸ்ட்டா டீச்சர்?" என்று முட்டியைக் காட்டினான்.

4. ஜெபம்

பண்டிகையன்று ஏஞ்சலின் மைக் முன்னால் நின்றாள். மழைக்கு ஸ்தோத்திரம், ரோஜாவுக்கு ஸ்தோத்திரம், அம்மாவுக்கு ஸ்தோத்திரம் என்று மனப்பாடம் செய்த வரிசையில் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நான் எழுதிக் கொடுக்காத ஒரு வரி வந்தது.

"எங்க டீச்சர் தப்ப ஒத்துக்கிட்டதுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே."

சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயா இருமினார். மூன்றாவது வரிசையில் இருந்து ஸ்டெல்லா சொன்ன ஆமென்தான் அன்றைக்கு எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது. நானும் சொன்னேன்.