இப்படிக்கு என்ற சொல்லுக்குக் கீழே

திங்கட்கிழமை, அதிகாலை நாலரை. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று எழுபது ரூபாய். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பௌர்ணமி போன வாரமே முடிந்துவிட்டதே என்று எனக்காகக் கவலைப்பட்டார். கூட்டமில்லாத நாளில் மலையைச் சுற்றத்தான் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதி இது. நான் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். இரண்டாவது தொகுப்புக்கான கதைகளைப் படித்த பதிப்பாளர் நண்பர், அவற்றில் வரும் விவசாயி, நர்ஸ், திருடன் எல்லாருமே நான்தான் என்றார். திருடன்கூட என்னை மாதிரியே நீட்டி நீட்டி வருத்தப்படுகிறானாம். அன்றிலிருந்து இரண்டு வருடமாக ஒரு வரி ஓடவில்லை. பேனாவைத் திறந்தால் நானே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். தன்னைத் தேடுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிற ஊர் திருவண்ணாமலை. தன்னைக் கொஞ்ச நேரம் தொலைத்துவிட்டு வர அங்கே வழி உண்டா என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

காலை எட்டு மணி. கீழ்பென்னாத்தூரில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் மல்லிகா என்று பிறகு தெரிந்தது. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்கு வெள்ளைத் தாள். என் மடியில் விரித்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டு, மனு எழுதத் தெரியுமா என்று கேட்டார். அன்று கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள்.

விஷயம் சின்னது, வலி பெரியது. மகள் பதினொன்றாம் வகுப்பு. ஊர் நிறுத்தத்தில் காலை பஸ் இரண்டு மாதமாக நிற்பதில்லை. கரும்புத் தோட்டத்து வழியாக மூன்று கிலோமீட்டர் நடந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போகவேண்டும். இந்த வாரத்துக்குள் பஸ் நிற்காவிட்டால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். மல்லிகா வேர்க்கடலை பறிக்கும் வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருந்தார்.

எனக்குத் தெரியாததா என்று தாளை வாங்கிக்கொண்டேன். திருவண்ணாமலைக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை வளர்ந்துகொண்டே வந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு பேனா ஓடுகிறதே என்ற பூரிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன்.

ஒன்பதேகால். பஸ் நிலையத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலுக்கு நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். என் எழுத்து அரங்கேறுவதைப் பார்க்காமல் எப்படிப் போவது? நானும் கூடவே போனேன்.

கலெக்டர் ஆபீஸ் எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேஜை. அங்கே மனு எழுதித் தருகிற சுமதிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். மல்லிகா என் தாளை அவரிடம் நீட்டி, ஒரு தபா படித்துக் காட்டச் சொன்னார்.

சுமதி சத்தமாகப் படித்தார். கல்வி என்னும் ஒளியை நோக்கி நடக்கும் இளம் பாதங்கள், பாதையில் படியும் இருள் என்று என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வெயிலுக்கு வந்தன. மல்லிகா கவனமாகக் கேட்டுவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"பாவம், யாரு பொண்ணு அது?"

சுமதி மேலே படித்துக்கொண்டு போனார். கடைசி வரிக்கு வந்தவர் தாளை என் பக்கம் திருப்பினார். 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே என் பெயர் இருந்தது. அழகாக, அடியில் ஒரு கோடு வேறு.

"சார், நீங்கதான் ஸ்கூலுக்குப் போறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆட்டோ பிடித்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் மல்லிகா சிரிக்கவில்லை. மனு வாங்குவது பகல் ஒரு மணி வரைக்கும்தானே என்று பயந்த குரலில் கேட்டார். இங்கே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், நீங்களே திரும்ப எழுதுங்கள் என்று சுமதி ஒரு ஸ்டூலைத் தள்ளினார். எழுதும் முறையையும் அவரே சொன்னார்.

"மொதல்ல பேனாவ மூடி வைங்க. அவங்க எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு சொல்வாங்க பாருங்க, அதாங்க மனு."

நாள் முழுக்க அடுத்தவர்களுடைய 'நான்' எழுதி எழுதி உங்களுக்கு உங்களையே மறந்துபோகாதா என்று கேட்டேன். அவர் அடுத்த தாளை மடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தர் எழுந்து போற வரைக்கும் நான் அவங்கதான். நடுவுல நான் எதுக்குங்க? எடம் கம்மி."

பேனாவை மூடினேன். மல்லிகா பஸ், தோட்டம், மழை, மகளின் மார்க் எல்லாம் சொல்லி முடித்தார். பிறகு பேசவில்லை. வாய் வரைக்கும் வந்த ஆறுதல் வார்த்தையை அடக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீக்காரர் வந்து போனார். அப்புறம் மல்லிகா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பஸ்ஸுக்குக் கை காட்டுவா சார். நிக்காமப் போய்டும். தூக்கின கைய அப்பிடியே கொண்டுபோய் முடிய ஒதுக்கிக்குவா. யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

எத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது. அதை அப்படியே எழுதினேன். அதற்கு முன்னால் வரவேண்டியதும் பின்னால் வரவேண்டியதும் தானாக வந்து உட்கார்ந்தன. எழுதியது என் கைதான்; ஆனால் அந்த அரைமணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது கட்டடங்களுக்கு மேலே மலை முழுசாக நின்றது. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கும். அதன் முன்னால் அப்படியே கை கூப்பி நின்றுவிட்டேன்.

இந்த முறை சுமதி படித்தபோது, யார் பெண் என்று மல்லிகா கேட்கவில்லை. பாதியிலேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பன்னிரண்டு நாற்பது. மல்லிகா வெளியே வந்தார். அதிகாரி படித்துவிட்டு எதிரிலேயே டிப்போவுக்குப் போன் போட்டாராம். புதன்கிழமையிலிருந்து பஸ் நிற்குமாம். நின்றால்தான் நம்புவேன் என்று சொன்னாலும் அவர் முகம் நம்பியிருந்தது. பிறகு, தப்புச் செய்தவரைப் போல என்னிடம் தயங்கினார்.

"இத யாரு எழுதினதுன்னு கேட்டாரு சார். நான்தான் எழுதினேன்னு வாயில வந்துடுச்சு. தப்பா?"

இல்லை, நீங்கள்தான் எழுதினீர்கள் என்றேன். அவர் நிம்மதியாகப் பஸ் பிடிக்கப் போனார்.

மத்தியானம் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றினேன். அடி அண்ணாமலையில் நின்று பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். இரவு வீடு சேர்ந்ததும், என் பெயர் போட்ட புத்தகம் விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடக்கிற கட்டிலடியை ஒருமுறை பார்த்தேன். பிறகு அந்த மனுவை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். ஒரு வரி விடாமல் வந்தது. அதில் என்னுடைய சொல் எது என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒன்றுகூட இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிச் சொல்லிவிட்டேன்.