பச்சை உறை சோப்பும் கடைசிக் கேள்வியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது காலை ஆறு மணி. மேற்கே மலை முழுக்க மேகம். காற்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. ஊருக்குள் போக ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். நூறுக்கு இறங்கி வந்தார்.

"கோயிலுக்கா, இல்ல திருவண்ணாமலைக்கா?" என்றார். இந்த ஊரில் திருவண்ணாமலை என்றால் ஊரை ஒட்டி இருக்கும் பெருமாள் மலை.

"ரெண்டும் இல்லண்ணே. சோப்பு விஷயமா வந்திருக்கேன்."

"சோப்பு யாவாரமா?"

"விக்கிறதில்ல. வீடு வீடாப் போயி, என்ன சோப்பு போடுதீங்க, எதுக்குப் போடுதீங்கன்னு கேக்குறது."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கேக்குறதுக்குச் சம்பளமா? எங்க வீட்டுல ஒருத்தி விடிஞ்சா அடைஞ்சா கேட்டுக்கிட்டே கெடக்கா, ஒருத்தனும் பத்துக் காசு குடுக்க மாட்டேங்கான்." சிரித்துவிட்டு, "அது சரி, இந்த வேலையெல்லாம் இன்னும் எம்புட்டு நாளைக்கு ஓடும்?" என்றார்.

மனுஷன் சாதாரணமாகத்தான் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். நான் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் களப்பணி மேலாளர். தென்மாவட்டங்களில் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் பெண்கள் என் பொறுப்பு. போன வாரம் அலுவலகத்தில் ஒரு கூட்டம். 'எதிர்கால ஆய்வாளருக்கு வேண்டிய திறன்கள்' என்று திரையில் படம் ஓடியது. கணினியிடம் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டுமாம், தரவைக் கதையாகச் சொல்லத் தெரிய வேண்டுமாம், இன்னும் என்னென்னவோ. வெயிலில் நடக்கத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. கொடுத்த காப்பியை முகம் சுளிக்காமல் குடிக்கத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. பிறகு எங்கள் தலைவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஒன்றைக் காட்டினார். 'ஸ்ரீவில்லிபுத்தூர், வயது முப்பத்தெட்டு, இல்லத்தரசி, கணவர் விவசாயம்' என்று தட்டினார். அப்படி ஒரு பெண் இல்லவே இல்லை. ஆனாலும் அவள் பதில் சொன்னாள். என் டீ ஆறுவதற்குள் அவளைப் போல நூறு பேர் பதில் சொல்லி முடித்திருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "ரெண்டு ஊர், ஊருக்கு ஒரு தெரு, நீங்களே போய்க் கேளுங்க. மனுஷங்க பதில் மெஷின் பதிலிலிருந்து வேறுபட்டால் களப்பணி தொடரும். ஒரே மாதிரி இருந்தால் இந்த மாதத்தோடு நிறுத்திடலாம்." பொருள், குளிக்கிற சோப்பு. பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. பச்சை உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் பதில்கள் என் கைபேசியில் இருந்தன.

ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் மும்தாஜ் காத்திருந்தாள். ராஜபாளையத்துக்காரி. வீட்டுக்காரர் பழைய பஜாரில் பாத்திரக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். எங்களுக்காக ஆறு வருஷமாகக் கதவு தட்டுகிறாள். கழுத்தில் எங்கள் அடையாள அட்டை. தெருவில் இறங்கும் முன்பு அதை நேராக்கி, படம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிவிட்டுக்கொள்வாள். வேலையில் ஒரே குறை, அவசரம். எங்கள் கேள்விகளில் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? மும்தாஜ் அதைக் கேட்கும்போதே செருப்பைப் போட்டிருப்பாள். யார் பதில் சொல்வார்கள்?

"மேடம், மூஞ்சிய ஏன் உம்முனு வச்சிருக்கீக?" என்றாள். சொன்னேன். ஒளித்து வைக்க மனம் வரவில்லை. அவள் தின்றுகொண்டிருந்த இட்லியைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"அப்ப இன்னைக்கு நல்லபடியா வித்தியாசமாச் சொல்லணுமே எல்லாரும். யா அல்லா, நம்ம சனம் என்னத்தச் சொல்லப் போகுதோ!"

நம் சனம் அதையேதான் சொன்னது. முதல் வீட்டில் "நல்லா நுரை வருது." இரண்டாவது வீட்டில் "வாசம் நிக்குது." மூன்றாவது வீட்டில் "சீக்கிரம் கரையாது." ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு கைபேசியைப் பார்த்தேன். அச்சு அசலாக அதே பதில், சில இடத்தில் அதே வரிசையில். ஒரு வீட்டில் மாவரைத்துக்கொண்டிருந்த பெண் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எதைச் சொன்னா உங்களுக்கு நல்லதுன்னு சொல்லுங்கக்கா, அதையே சொல்லிட்டுப் போறேன். பாவம், வெயில்ல வந்திருக்கீக" என்றாள். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு ராஜபாளையம் போகும் டவுன் பஸ். பதினொரு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் பூஜ்யம் அச்சிட்ட சீட்டைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். பக்கத்தில் வத்திராயிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள், மடியில் மாங்காய்ப் பை. என்ன சோப்பு போடுவீர்கள் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "பச்ச சோப்புதான். நல்லா நுரைக்கும்ல?" என்றார். மும்தாஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜபாளையத்தில் அவள் தேர்ந்தெடுத்திருந்த தெரு மலையைப் பார்த்து இருந்தது. பட்டாளத்திலும் போலீசிலும் ஆள் இல்லாத வீடு அங்கே குறைவு. இரண்டு வீட்டில் நாய். மும்தாஜ் நாயிடமே நலம் விசாரித்து உள்ளே போனாள். பதில்கள் மட்டும் மாறவில்லை. மூன்றரை மணிக்கு மிச்சம் ஒரே ஒரு வீடு. எனக்கு நடக்கத் தெம்பில்லை. மெஷினிடம் தோற்றுப்போனேன் என்று அந்த வாசலில் நின்றபோதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வீட்டுப் பெண் பெயர் இந்திரா என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பது வயது இருக்கும். புருஷன் தென்னந்தோப்பைக் குத்தகைக்குப் பார்க்கிறார். மோர் கொடுத்தாள். "பச்ச உறைதான். கல்யாணம் ஆன நாள்லருந்து அதான்" என்றாள். உறையைக் காட்டச் சொன்னோம். உள்ளே போய் எடுத்து வந்தாள். மூலை மடங்கி நைந்து போன உறை. பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மும்தாஜ் கடைசிக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே எழுந்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன். காரணம் ஒன்றும் பெரிதில்லை, கால் வலி. மிச்ச மோரை மெதுவாகக் குடித்தோம். மதிலில் இருந்த அம்மாள் அலுத்துப்போய் உள்ளே போனார். இந்திரா எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யம்மா, ஒண்ணு சொன்னா எழுதிராதீக. நான் இப்ப அந்தச் சோப்பு போடல."

அவள் கணவரின் அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் மிலிட்டரி கேன்டீனில் தன் கார்டைக் காட்டிச் சலுகை விலையில் பை நிறையச் சாமான் வாங்கி வருவார், பச்சை உறைச் சோப்பும் அதில் உண்டு. சொந்தக்காரர் வீடெல்லாம் அதில்தான் குளிக்கிறது.

"இந்தத் தெருவுல பாதி வீட்டுல நுரைக்கிறது அவிய கார்டுதான். பொங்கலுக்குப் பொறவு கிணத்துப் பங்குல பேச்சு வந்துட்டு. அவிய பையைத் தூக்கிட்டு வாராக, அந்த வீட்டுல நிக்காக, இந்த வீட்டுல நிக்காக, என் வாசலத் தாண்டிப் போயிருதாக. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி மலிவா ஒண்ணு வாங்கியாந்து இந்த உறைக்குள்ள வச்சிருக்கேன். சோப்பு மாறிட்டுன்னு தெரிஞ்சா அண்ணன் தம்பி பேச்சு நின்னுட்டுன்னு தெருவே பேசும்லா?"

நுரையும் இல்லை, வாசமும் இல்லை. ஒரு தெருவே ஒரு மனிதரின் கார்டைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறது. கைபேசியில் தேடினேன். நூறு பொய்ப் பெண்களில் ஒருத்திகூட இதைச் சொல்லவில்லை. என் நிலைமையை இந்திராவிடம் உள்ளபடி சொன்னேன். பெயரும் தெருவும் இல்லாமல் இதை மேலே சொல்லலாமா என்று கேட்டேன். மதில் பக்கம் மறுபடி பார்த்துக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேரு பொழப்பு நிக்கும்னா சொல்லிக்கோங்க. என் பேரு மட்டும் வேண்டாம்."

தெருமுனை டீக்கடையில் நின்று தலைவருக்குப் பேசினேன். மும்தாஜ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் கார்டு, கிணற்றுச் சண்டை, நைந்த உறை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம்! இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார். நான் மும்தாஜைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் கடைக்காரரிடம் இரண்டு வடை கூடுதலாகச் சொன்னாள்.

வடை தீருவதற்குள் கைபேசியில் செய்தி வந்தது. மெஷினில் புதிதாக ஒரு பெண். 'ராஜபாளையம், வயது நாற்பத்தொன்று. கணவரின் அண்ணன் முன்னாள் ராணுவ வீரர். தற்போது பேச்சுவார்த்தை இல்லை.' அவள் நல்ல தமிழில் பதில் சொல்லியிருந்தாள். உறையை ஏன் வைத்திருக்கிறாள் என்பதையும் சொல்லியிருந்தாள். அவள் மோர் கொடுக்கவில்லை, மதிலை எட்டிப் பார்க்கவில்லை, யாரும் அவளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. கீழே தலைவர் எழுதியிருந்தார்: 'இதையும் மெஷினுக்குள்ளே கொடுத்தாச்சு. இனி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மிக்க நன்றி. வரும்போது மும்தாஜோட அடையாள அட்டையை வாங்கிட்டு வந்திடுங்க.'

நான் மறுபடி அழைத்தேன். கத்தினேன்கூட. "வேறுபட்டால் தொடரும்னு சொன்னீங்களே!" என்றேன். "இப்ப வேறுபாடு இல்லையே மேடம்" என்றார், மிகவும் மரியாதையாக.

சென்னையில் என் வீட்டுக்குச் சோப்பு தானாக வந்துவிடுகிறது. ஒருமுறை கைபேசியில் சொல்லி வைத்தது. மாதம் பிறந்தால் வாசலில் இருக்கும். நான் யாரோடு பேச்சை நிறுத்தினாலும் அது நிற்காது. எங்கள் அடுக்ககத்தில் யார் என்ன சோப்பு போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னையும் யாரும் கேட்டதில்லை. இந்திராவுக்குச் சோப்பு நின்றால் தெரு பேசும் என்ற பயம் இருக்கிறது. எனக்கு அந்தப் பயம்கூட இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் கவனித்தேன், பெரிய துக்கமாக இருந்தது.

மாலை ஏழு மணிக்கு ராஜபாளையம் ரயில் நிலையம். மும்தாஜ் வழியனுப்ப வந்திருந்தாள், கையில் எனக்காகக் கட்டி வந்த சாப்பாட்டுப் பொட்டலம். "அடுத்து எந்தத் தெரு மேடம்?" என்றாள். டீக்கடையில் என் கத்தலைக் கேட்டவள்தான், ஆனாலும் கேட்டாள். இனி தெரு எதுவும் இல்லை என்று சொன்னேன்.

அவள் தானாகவே அட்டையைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்து, படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இதுல நான் கொஞ்சம் நல்லாருக்கேன்ல? இது கழுத்துல கெடந்தா எந்தத் தெருவுக்குள்ளயும் போவேன் மேடம். யாருட்டயும் என்ன ஏதுன்னு கேப்பேன். இனி நான் பாட்டுக்கு ஒரு வாசல்ல போயி நின்னா, யாருன்னுதான கேப்பாக?" அட்டையை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு மும்தாஜ் நின்றாள்.

"கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்குல்லா மேடம். வேற ஏதாவது சொல்ல விரும்புதீகளா?"

"ஒண்ணுமில்ல மும்தாஜ்" என்றேன்.

அவள் நகரவில்லை. எந்த அவசரமும் இல்லாமல், என் முகத்தைப் பார்த்தபடி, காத்துக்கொண்டு நின்றாள். ரயில் கிளம்பிவிட்டது.