ஒரு வாசலுக்கு இரண்டு பெட்டி

கடை விலாசங்களைத் தொகுத்துப் போடும் ஆன்லைன் டைரக்டரியில் பேர் பதிந்தால் நெட்டில் தேடும்போது முதலில் வருவோமா என்று யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கேட்பவர் மேல் இல்லை. இதே கேள்வியை ஒருநாள் என் தாய்மாமா கேட்டார். நான் யோசிக்காமல் "வரும் மாமா" என்று சொன்னேன். அந்த "வரும்" எங்கள் இரண்டு பேரையும் பேசாமல் ஆக்கிவிட்டது.

அப்போது காரைக்காலில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, தலைக்கு மேல் ஒரு ஃபேன். பன்னிரண்டாவதோடு என் படிப்பு முடிந்தது. கம்ப்யூட்டரை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, தட்டித் தட்டி நானே பழகியதுதான். வளைகுடாவில் இருக்கும் கணவனிடம் கேமராவில் பேச வரும் பெண்கள், பிரான்சுக்கு விண்ணப்பம் நிரப்ப வரும் பென்ஷன்காரர்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வேலையைவிட அவர்கள் பேச்சுதான் எனக்குப் பிடிக்கும். நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதை நாலு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவேன்.

மாமாவுக்குத் தலத்தெருவில் வீடு. பந்தல், நாற்காலி வாடகைதான் அவர் தொழில். பிறகு சாவு வீட்டுக்குக் கொடுக்கும் ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினார். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். குவைத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் வந்து முகம் பார்க்கிறவரை உடம்பைக் கண்ணாடி மூடி போட்ட அந்தப் பெட்டியில்தான் வைத்திருப்பார்கள். மாமா கடைக்கு போர்டு கிடையாது. "சாவு வீட்டுச் சாமானுக்கு விளம்பரம் பண்றவன் என்ன மனுஷன்?" என்பார். கூப்பிட்டால் போவார், பெட்டியை வைப்பார், வயரை மாட்டுவார், சொல்லிக்கொள்ளாமல் திரும்புவார். அதற்காகவே ஊரில் அவருக்கு நல்ல பேர் இருந்தது.

ஆஸ்பத்திரிப் பக்கம் புதிதாக ஒருவர் பெட்டி வைத்துத் தொழில் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒருநாள் மத்தியானம் மாமா என் சென்டருக்குள் செருப்போடு வந்தார்.

"எங்க வீட்டுலேருந்து நாலு வீடு தள்ளி ஒரு சாவு. நான் வாசல்ல நிக்கிறேன். என்னைத் தாண்டிகிட்டு அவன் பெட்டி போவுது. ஏன்னு கேட்டா, மவன் குவைத்துலேருந்து நெட்டுல பாத்துச் சொன்னானாம். நாலு வீடு தள்ளி இருக்குற நான் அவனுக்குத் தெரியல, நெட்டுல இருக்குறவன் தெரியுறான்!"

"நெட்டுல உங்க பேரே இல்லையே மாமா."

"அப்ப போடு. டைரக்டரி டைரக்டரின்னு சொல்லுறியே, அதுல போட்டா நான் மொதல்ல வருவனா, மாட்டனா?"

"வரும் மாமா."

அப்படிச் சொல்லும் துணிச்சலை எனக்குக் கொடுத்தது சென்னையிலிருந்து போன் செய்த ஒரு டைரக்டரிக்காரர். "மேடம், ஒவ்வொரு லிஸ்டிங்கும் உங்களுக்கு ஒரு ஓட்டு. எத்தனை எடத்துல இருக்கீங்களோ அத்தனை ஓட்டு" என்றார். என்ன அழகாகச் சொல்கிறார் மனிதர் என்று சொக்கிப்போனேன். நல்ல வார்த்தைக்கு மயங்குகிறவளை ஏமாற்றுவதற்கு அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து முப்பது டைரக்டரிக்கு மேல் மாமாவைப் பதிந்தேன். எல்லாவற்றையும் அந்த வாரத்தில்தான் கெடுத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இது வராது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வரும் தப்பு. காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பாண்டிச்சேரி பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கிறது. நாலு பக்கத்தில் கடல் போக மீதியெல்லாம் தமிழ்நாடு. டைரக்டரி செய்தவர்களுக்கு இது தெரியுமா? மாநிலம் பாண்டிச்சேரி என்று தேர்ந்தெடுத்தால் சிலதில் பாண்டிச்சேரி என்ற ஒரே ஊர்தான் வரும். வேறு சிலதில் காரைக்கால் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் என்று போட வேண்டும். நான் பத்தில் பாண்டிச்சேரி என்றும் பத்தில் நாகப்பட்டினம் என்றும் போட்டேன். மிச்சத்தில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபடி, அவர் தாத்தா காலத்து பிரெஞ்சுத் தெருப் பேரும் "சாராயக்கடை எதிரில்" என்பதும் சேர்த்துப் போட்டேன்.

"நாகப்பட்டினம்னு போடாத. நாம என்ன தமிழ்நாடா?" என்று அவர் ஒரு சண்டை போட்டார்.

"அதுல வேற ஊரே வரல மாமா."

"வராத கம்ப்யூட்டர என்னாத்துக்கு வச்சிருக்க?"

போன் நம்பரிலும் தகராறு. வீட்டு நம்பர் கூடாது என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். "நான் சாமி கும்புடுற நேரத்துல எவனாவது போனைப் போட்டு பொணம்னு சொல்லுவான்" என்றார். அதனால் மாமாவிடம் இருந்த மூன்று செல் நம்பரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கடைக்குப் பேரே இல்லாததால் ஒன்றில் பந்தல் காண்ட்ராக்டர், ஒன்றில் பிரீசர் பாக்ஸ் சர்வீஸ், இன்னொன்றில் மாமா பேர். வகை கேட்ட இடத்தில் சாவுச் சாமான் என்று ஒன்று இல்லை. குளிர்சாதனப் பொருட்கள் என்று போட்டேன்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. பாண்டிச்சேரியிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டார்கள். மாமா தன் ஊரைச் சொன்னதும் அழுகை வசவாக மாறியது. "காரைக்கால்ல இருந்துகிட்டு எதுக்கய்யா பாண்டின்னு போட்ட?" என்று ஒருவர் மாமாவின் குலத்தையே இழுத்துவிட்டார். நடுநடுவே பிரிட்ஜ் ரிப்பேர்க்காரர் இருக்கிறாரா என்றும் கேட்டார்கள். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும், காரைக்கால் என்று போட்டுத் தேடினால் ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர்தான் மேலே. அவர் பதிந்தது ஐந்தாறு இடத்தில்தான். எல்லாவற்றிலும் ஒரே பேர், ஒரே விலாசம், ஒரே நம்பர். என் மாமாவோ நெட்டில் மூன்று மாமாவாகப் பிரிந்து, மூன்று ஊரில், மூன்று பேராகக் கீழேயே கிடந்தார். ஒரே ஆளை மூன்று பூத்தில் சேர்த்துவிட்டால் அது கள்ள ஓட்டு. இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. சென்னைக்காரருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

"வந்துட்டனா மொதல்ல?" என்று மாமா தினமும் வந்து கேட்பார். அத்தை அதற்கும் மேலே. "உங்க அக்கா மவ உங்கள ஊரெல்லாம் பிரிச்சுக் கூறு போட்டு வச்சிருக்கா" என்று நான் இருக்கும்போதே சொன்னார். அப்போதும் ரசித்தேன். பிறகு ரசிக்க முடியாதபடி, பக்கத்து ஊரான விழிதியூரில் ஒரு பெரியவர் இறந்தார்.

அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டைரக்டரியின் போன் நம்பருக்குக் கூப்பிட்டு, காரைக்கால் பக்கம் பெட்டி வேண்டும் என்றிருக்கிறார். அந்த டைரக்டரிக்காரர்கள் மகனின் நம்பரைத் தங்களிடம் பதிந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். மாமா முதலில் கூப்பிட்டார். அனுப்புங்கள் என்றார் மகன். அடுத்து ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டார். டைரக்டரியில் மாமாவுக்கே இரண்டு மூன்று நம்பர் கிடந்ததால், அதுவும் அதே கடைதான் என்று மகன் நினைத்துவிட்டார். "அதான் சொல்லிட்டேன்ல, சீக்கிரம் அனுப்புங்க" என்று அழுதிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அப்பா செத்த அன்றைக்கு யார் நம்பரைச் சரிபார்ப்பார்கள்?

விழிதியூர்த் தெருவுக்குள் இரண்டு பெட்டி வந்து நின்றன. ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர் பெட்டி வீட்டுக்குள் போய்விட்டது, மாமா பெட்டி வாசலில் வண்டியிலேயே இருந்தது. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம்.

"ஒரு பொணத்துக்கு எதுக்குடா ரெண்டு பொட்டி?" என்று ஒரு பெரியம்மா எழுந்து வந்திருக்கிறார். "அந்த இன்னொண்ணு யாருக்கு? என்னைப் படுக்க வைக்கவா?"

"தெரியாம வந்துடுச்சிங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார் மாமா.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. தெருவுக்குள் நுழைந்த பெட்டி வெறுமனே திரும்பினால், அது ஆள் தேடித் திரும்ப வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமாவுக்கும் அது தெரியும். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது. நாலு ஆம்பளைகள் வண்டியை மறித்துக்கொண்டார்கள்.

"காலிப் பொட்டியோட எப்படிய்யா போவ? அதுக்கு ஆளை எங்க தெருவுலயா எடுத்துக்கப் போற?"

ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர் மாமாவைப் பார்த்து, "அண்ணே, ஊர்ல பாதி டைரக்டரில நீங்கதான் இருக்கீங்க. பொணம் மட்டும்தான் கெடைக்கல" என்றாராம். அங்கேயே கைகலப்பு ஆகிவிட்டது. பிரித்துவிட்டவர்கள் கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். உயிருள்ள கோழி ஒன்றைப் பெட்டியில் வைத்து மூடி, அப்படியே வண்டியில் அனுப்பினார்கள்.

மாமா அந்தக் கோழியை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. நேரே என் சென்டருக்கு வந்து கீபோர்டு மேல் வைத்தார். கால் கட்டியிருந்தது. அது ஒரு குரல் கொடுத்ததும், கேமராவில் பேசிக்கொண்டிருந்த பெண் தடுப்புக்கு மேலே எட்டிப்பார்த்தார்.

"இந்தா, உன் நெட்டு எனக்குப் புடிச்சுக் குடுத்த பொணம்."

"மாமா, நான் நல்லதுக்குத்தான..."

"நல்லதுக்கா? கெட்டதுக்குப் பண்ணியிருந்தாகூட இவ்வளவு ஒழுங்கா வந்திருக்காதுடி."

எனக்கும் கோபம் வந்தது. "ஊர்ப் பேரைப் போடும்போது கூட உக்காந்து சொன்னது யாரு? சாராயக்கடை எதிரில்னு போடச் சொன்னது நானா?" என்று கத்தினேன். அவர் எல்லாவற்றிலிருந்தும் தன் பேரை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு போயிருந்தால்கூடத் தணிந்திருக்கும். பத்து நாளுக்குள் அதே தெருவில் இன்னொருவர் இறந்தார். மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர், இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாமாவின் பெட்டிதான் கூட்டிக்கொண்டு போனது என்று விழிதியூரில் முடிவாகிவிட்டது. அவர் வண்டியை ஊர் எல்லைக்குள் விடமாட்டோம் என்றார்கள். பேச்சு அடுத்த ஊரான வரிச்சிக்குடி வரை பரவியது. அங்கேயும் கூப்பிடுவது நின்றது. மனுஷன் ஒரு போர்டு வைக்காமல் காப்பாற்றி வைத்திருந்த பேர் இரண்டு வாரத்தில் போய்விட்டது.

நான் பேரை எடுக்கப் பார்த்தேன். சேர்க்கும்போது ஒரு நிமிஷத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் எடுக்கச் சொன்னால் மெயில் போடு என்றார்கள், போன் பண்ணு என்றார்கள், அடுத்த மாதம் என்றார்கள். சிலது எடுக்கவே முடியவில்லை. ஒருத்தியோடு போனில் சண்டை போட்டபோது, "கஸ்டமர் ஹாப்பியா மேடம்?" என்று கேட்டாள். எந்தக் கஸ்டமரைக் கேட்கிறாள்? பெட்டிக்குள் இருப்பவரையா?

எடுக்க முடியாதவற்றைத் திருத்தினேன். மாமாவின் உத்தரவை மீறித்தான் செய்தேன். எல்லாவற்றிலும் காரைக்கால், ஒரே தெருப் பேர், ஒரே நம்பர், ஒரே கடைப் பேர். தேடும் இடத்தில் வரும் வரைபடத்தில் அவர் வீட்டையே அடையாளமாக வைத்தேன். நாலைந்து மாதம் ஆனது. ஒருநாள் தேடிப் பார்த்தால் மாமாதான் முதலில். ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரர் இரண்டாவது. அத்தனை டைரக்டரியில் வேலை செய்தது ஐந்தோ ஆறோதான். மற்றதெல்லாம் குப்பை. முதலிலேயே அந்த ஆறை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் போதும்.

சந்தோஷத்தில் அவர் வீட்டுக்கே ஓடினேன். அவர் பந்தல் கம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். "மாமா, மொதல்ல வந்துட்டீங்க" என்றேன். அவர் நிமிரவில்லை. அத்தைதான், "எத்தன பேரத் தள்ளிட்டு வந்தாராம்?" என்றார்.

அப்போதே அவர் போன் அடித்தது. அவர் எதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பிரான்சிலிருந்து ஒரு பெண். அழுதழுது குரல் உடைந்திருந்தது. நெட்டில் முதலில் இவர் நம்பர்தான் இருந்தது என்றாள். அம்மா இறந்துவிட்டார், தான் வருவதற்கு இரண்டு நாள் ஆகும், அதுவரை பெட்டி வேண்டும் என்றாள்.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார் மாமா.

"விழிதியூருங்க."

மாமா என்னைப் பார்த்தார். விழிதியூர்ச் சண்டைக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு போனிடம், கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"உங்க ஊர்ல என் வண்டிய விடமாட்டாங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எழுதிக்குங்க, வேற ஒரு நம்பர் தர்றேன். அவரும் சுத்தமா செய்வாரு."

ஆஸ்பத்திரிப் பக்கத்துக்காரரின் நம்பரை எதையும் பார்க்காமல், ஒரு எண்கூடத் தப்பாமல் சொன்னார். அந்தப் பெண் திரும்பச் சொன்னபோது, "ஆமாம்மா, அதேதான்" என்றார்.

போனை வைத்துவிட்டு, "இனிமே இந்த நம்பர் எதுக்கு எனக்குப் பாடமா தெரியணும்?" என்றார் என்னிடம். "அந்த மொத எடத்துல அவன் நம்பரையே போட்டுடு. கூப்புடுறவங்களுக்கு ஒரு போனாவது மிச்சமாவும்."

"மாமா..."

"போ புள்ள. கம்பு எண்ணிகிட்டிருக்கேன்."

அவர் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.