தோர்வால் சொன்ன காடு

செடிகளைத் தேடி டென்மார்க்கிலிருந்து கொலம்பியாவில் உள்ள எங்கள் சான் லிபோரியோவுக்கு வந்த தோர்வால், கோவேறு கழுதை ஓட்டும் எலிசெயோவின் அக்கா ரொசவுராவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். செடிகளைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலில் அனுப்புவார். சருகு பொறுக்கி என்று சந்தையில் அவருக்குப் பட்டப்பெயர். அதைக் கேட்டு அவரே சிரிப்பார்.

கிழக்கு மலையில், மரக்கிளையில் ஒட்டி வளரும் ஊதா ஆர்க்கிட் ஒன்றைக் கண்டபோது, அது பூக்கும் இடத்தையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அது அச்சில் வந்தது. அடுத்த கோடையில் பூ வியாபாரி ஃபோல்மர் ஊருக்குள் வந்து இறங்கினான். கண்ணாடி வீடு கட்டிப் பூ வளர்க்கும் ஐரோப்பியப் பணக்காரர்களுக்கு அவன் சரக்கு அனுப்புகிறவன். பூ உச்சிக் கிளைகளில் இருந்ததால் மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். வெட்டியவர்களில் எலிசெயோவும் இருந்தான்.

"அந்தாளுகூடப் போகாத எலிசெயோ. மலையே மொட்டையாயிடும்," என்று சாப்பாட்டு நேரத்தில் தோர்வால் தடுத்தார்.

"அவனை நானா கூப்பிட்டேன்? நீங்க எழுதினீங்க, வந்துட்டான். மச்சான் எழுதினா படிப்பு, நான் வெட்டினா பாவமா?"

தோர்வால் சோள ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மலை மொட்டையான பிறகு, வடக்குப் பள்ளத்தில் தனியாக அலைந்தபோது வெள்ளை ஆர்க்கிட் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதுவரை யாரும் எழுதாத பூ. அதை அனுப்பினால் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும், வயதான அம்மாவையும் போய்ப் பார்க்கலாம். அனுப்பினார். ஆனால் இடத்தை மட்டும் மாற்றி, தெற்கே ஆற்றுக்கு அப்பால் உள்ள சதுப்புக் காட்டைச் சொன்னார். அங்கே யாரும் போகமாட்டார்கள் என்று நம்பினார்.

அதுவும் அச்சில் வந்தது, ஃபோல்மர் போகத் துணிந்தான். எலிசெயோ கழுதைகளுக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தபோது தோர்வால் வாசலில் வந்து நின்றார்.

"அங்க வேணாம்ப்பா. விஷக்காய்ச்சல் வர்ற இடம்."

"போன தடவையும் இப்படித்தான் தடுத்தீங்க. உங்க பூவை விட்டா உங்களுக்கு வேற கவலையே இல்ல மச்சான்."

உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் நின்றிருப்பான்.

மழை பிடித்த பிறகு, நினைவு தப்பிய எலிசெயோவைக் கழுதைமேல் கட்டிக் கொண்டுவந்தார்கள். விடிவதற்குள் போய்விட்டான். வெறுங்கையோடு திரும்பிய ஃபோல்மர், தோர்வால் புளுகன் என்று ஐரோப்பா முழுக்கச் சொல்லிவிட்டான். பல்கலைக்கழகம் அவர் அனுப்பியதை வாங்குவதை நிறுத்தியது. அம்மாவை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

எலிசெயோவைப் புதைத்துவிட்டு வந்த அன்றே ரொசவுராவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை.

"அந்தப் பூவைக் காட்டுங்க."

பள்ளத்துக்குக் கூட்டிப்போனார். கிளைகளை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். "இதுக்கா?" என்றாள். பிறகு அவருக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தாள். ஆனால் அவரோடு உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

தோர்வால் செத்த பிறகு வேறொரு வியாபாரி வந்து வெள்ளைப் பூவைப் பற்றி விசாரித்தான். தெரியாது என்று ரொசவுரா கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியான என் அம்மா, "அவர்தான் போயிட்டாரே, இனிமே யாருக்காகடி மறைக்கிற?" என்று கேட்டாள்.

"என் தம்பி உசுரு போயிருக்கு அதுல. வந்தவன் போனவனுக்கெல்லாம் சும்மா காட்டிட முடியுமா?" என்றாள் ரொசவுரா.