வாலிபால் ஆடாத கை

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கிறேன். போன தீபாவளி சீசனில் மிஷினில் சிக்கி, என் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. மறுநாளே எதிர்வீட்டு அந்தோணி காலேஜ் புட்பால் மேட்சில் காலை ஒடித்துக்கொண்டான். அவனைப் பார்க்கப் பிரின்சிபாலே காரில் வந்தார். தெருவே ஆரஞ்சுப் பழத்தோடு அங்கே போனது. என்னை எட்டிப் பார்க்க நாதியில்லை. பந்தை உதைத்து ஒடிந்த காலுக்கு இருக்கிற மரியாதை, பிழைப்பில் போன விரலுக்கு இல்லையா? வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில், டீக்கடையில் விசாரித்தவர்களிடம், "வாலிபால் ஆடுனேன், பந்து பட்டுருச்சு" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டேன்.

நஷ்டஈடு கேட்டதும் மேனேஜர் சிரித்தார். "பந்து பட்டதுக்குக் கம்பெனி என்னய்யா செய்யும்? ஊரே சொல்லுதே!"

நான் மனுக் கொடுத்து, விசாரணைக்கு வந்த தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் எனக்காக வந்து நின்றவன் அந்தோணிதான், கக்கத்தில் கட்டையோடு.

"இந்த அண்ணாச்சி பந்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லங்க. அன்னிக்கு நான் அச்சக வாசல் வழியாப் போறப்ப, மிஷினை விட்டு ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாக. என் சைக்கிள்லதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

நஷ்டஈடு கிடைத்தது. இப்போதெல்லாம் அச்சகத்தில் யாருக்குக் காயம் பட்டாலும், எங்கே, எப்படிப் பட்டது என்று அன்றைக்கே நாலு பேர் காதில் விழச் சொல்ல வைக்கிறேன்.

அந்தோணி மறுபடி ஆடுகிறான். அவன் கோல் போட்டால், இருக்கிற விரல்களோடு கை தட்டுகிறேன். வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.